யாரால ஆச்சு?

அந்த வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை. தலைவலி வந்தால் அம்மா ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவாள். அப்பாவோ, கம்பெனியை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து எதற்கும் தலையைக் கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து வீடே படுத்த பிறகு, திறந்து கிடந்த படுக்கையறைக் கதவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து கற்பூரமும் புதினாவும் கலந்த அந்தக் காரமான வாசனை மெல்லக் கிளம்பி, இழுத்துவிட்டிருந்த திரையின் பழுப்பு இருட்டில் கட்டில்வரை வந்து நின்றது.

அவள் கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் படுத்திருந்த தங்கையைத் தொட்டாள்.

"தைலம் தேய்ச்சியாடி?"

"எனக்கெதுக்கு? வேலை இருக்கிறவங்களுக்குத்தான் தலைவலி." தங்கை புரண்டு படுத்தாள். "உங்க ஆபீஸ்ல ஆள் எடுத்தா சொல்லு, நானும் தேய்ச்சுக்கிறேன். இப்பத் தூங்குக்கா, டீம் லீடரம்மா."

சொல்லிவிட்டு உடனே தூங்கியும் போனாள். சின்னவள் எப்போதும் அப்படித்தான், மனசில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள். சின்ன வயதில் இவள் போட்டு உடைத்த சாமான்களுக்கெல்லாம் அடி வாங்கியது அவள்தான். ஒரு நாளும் அக்காவைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வாசனை யாருடையது என்று இவளுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்ப்பது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் புகார்களைப் போனில் வாங்குகிற ஆபீஸில். ஜன்னல் இல்லாத நீளமான அறை. மேனேஜர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. எங்காவது தப்பு நடந்தால் அறைக்கு நடுவில் வந்து நிற்பார். "யாரால ஆச்சு?" என்று மட்டும் கேட்பார். யாரைக் கைகாட்டுகிறார்களோ அவர் எழுந்து போய்க் கடைசிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் இன்னொருவரைக் காட்டினால் திரும்பி வந்து உட்காரலாம். அதுவரை யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சுவரில் நெற்றி உயரத்தில் மங்கலான கறைகள் இருந்தன. சேர்ந்த புதிதில் ஈரக்கசிவு என்று நினைத்துக்கொண்டாள்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம்தான். ஆனால் எங்கே பார்த்தாலும் ஆளைக் குறைக்கிற காலத்தில், படித்து முடித்து வருடக்கணக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. கிடைத்த அன்று அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த முகத்திடம் எதைச் சொல்வது?

வேலை கற்றுக்கொடுத்தது பக்கத்து சீட் தைலக்கா. எப்போதும் நெற்றி மினுமினுக்கத் தைலம் தேய்த்திருப்பதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை இவள் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள். ஒரு நாள் இவள் மெக்கானிக்கைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். புகார் கொடுத்தவர் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். மேனேஜர் நடுவில் வந்து நின்று கேட்டார்.

இவள் கை தைலக்காவைக் காட்டியது.

தைலக்கா இவளை ஒரு முறை பார்த்தாள். கோபமில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் நின்றாள். "வேற யாராவது உண்டா?" என்று மேனேஜர் கேட்டபோது இல்லையென்று தலையசைத்தாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். இவளும் தலையைக் குனிந்தபடி கிளம்பினாள். கண்ணாடிக் கதவு மூடும்போதுதான் பார்த்தாள். தைலக்காவின் நெற்றி சுவரைத் தொட்டிருந்தது.

மறுநாள் அந்த சீட் காலி. கைப்பை நாற்காலியிலேயே தொங்கியது. சுவரில் புதிதாக ஒரு கறை, ஈரமாக.

"அவங்க இனிமே வரமாட்டாங்க," என்றார் மேனேஜர். "நீங்க சீக்கிரம் கத்துக்கிறீங்கம்மா." டீம் லீடர் பதவியைக் கொடுத்தார். அதன் பிறகு அவர் கேட்டு முடிப்பதற்குள் இவள் கை யாரையாவது காட்டிவிடும். வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கமாட்டாள். அம்மா "ஆபீஸ் எப்படிடி?" என்றால், "எல்லாரும் நல்லவங்கம்மா," என்பாள்.

இப்போது கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சுவரில் முட்டித் திரும்புகிற மூச்சு. நாளைக்கு ஆபீஸ் என்ற பயம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவதுதான், மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல வாசனை தொண்டையை எரித்தது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக.

அது மறைத்திருந்த சுவரோரத்தில் நின்றாள் தைலக்கா. அன்றைக்குக் கட்டியிருந்த அதே சேலை. முதுகு மட்டும். நெற்றி சுவரில். நெற்றியைச் சுற்றிக் கறை பரவிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். நான்தான் அக்கா. அவ்வளவுதானே. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள்.

"யாரால ஆச்சும்மா?" என்றாள் தைலக்கா, சுவரிடம்.

நான். நான்தான்.

"இவதான்."

யார் சொன்னது? அவள் குரல். போனில் பேசுகிற தெளிவான, இனிமையான குரல். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே நீண்டிருந்தது. விரல் பக்கத்தில் தூங்குகிறவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். அக்காவை ஒரு முறை பார்த்தாள். கோபமில்லை. கட்டிலை விட்டு இறங்கினாள். வெறுங்கால். சுவரிடம் போனாள். நின்றாள்.

"என்னடி சத்தம் அங்க?" கூடத்திலிருந்து அம்மா. "ரெண்டு பேரும் தூங்கலையா?"

"ஒண்ணுமில்லம்மா."

அதே இனிமையான குரல்.

திரும்பு. என்னைக் காட்டு. ஒரு விரலை நீட்டினால் போதும். காட்டுடி. மனசுக்குள் கெஞ்சினாள். சின்னவளா காட்டுவாள்?

கட்டில் ஒரு பக்கமாக அமுங்கியது. தங்கையின் சூடு ஆறாத இடத்தில் யாரோ அலுப்போடு படுத்தார்கள். போர்வையை மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு உதிரும் நெற்றி ஒன்று, ஜில்லென்று, அவள் தோளில் வந்து பதிந்தது.

கதவோரத்தில் தங்கையின் நெற்றி சுவரைத் தொட்டது.