மல்லாட்டைத் தோல் மலைக்குப் பின்னால்

வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் திண்டிவனத்தில், கோதண்டபாணி முதலாளியின் மல்லாட்டை மில் இருந்த தெருவுக்கு ஒருநாள் பெரிய சத்தம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. விழுப்புரத்திலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு டீசல் எஞ்சின் என்று பெயர். கரண்டு உண்டாக்கும் டைனமோ ஒன்றும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இறக்கும்போது அது வாயே திறக்கவில்லை. பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளைபோல அடக்கமாக இருந்தது. மில்லின் தெருப்பக்கக் கொட்டகையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது.

தடதடவென்று அது போட்ட போடில் தெருவில் இருந்த பாத்திரங்களெல்லாம் ஆடின. எதிர்வீட்டு ஹாஜிரா பீவியின் அலமாரியில் இருந்த பீங்கான் தட்டு ஒன்று மெல்ல நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்து உடைந்தது. தூளியில் கிடந்த அவருடைய கைக்குழந்தை அலறியது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். குழந்தை நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்நாயகி ஐந்தாம் வகுப்புப் படித்தாள். பள்ளி விட்டதும் அவள் ஹாஜிரா அத்தையின் வீட்டில்தான் இருப்பாள். அம்மா கிருஷ்ணவேணி மில்லில் மல்லாட்டை பொறுக்கிவிட்டு வரும்வரை, அந்தக் குழந்தைக்குத் தூளி ஆட்டுவது அவள் வேலை. குழந்தை தூங்கிவிட்டால் தானே தூங்க வைத்ததாகப் பெருமை அடித்துக்கொள்வாள்.

அன்று எவ்வளவு ஆட்டியும் அது தூங்கவில்லை.

"எம்மா, அந்த எஞ்சின் நமக்கு வேணுமா, வேணாமா?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"வேணும்டி. கரண்டு நின்னா மெஷின் நிக்குது. மெஷின் நின்னா எங்கள வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அப்புறம் கூலிக்கு எங்க போறது?"

"அப்போ ஹாஜிரா அத்தை பாப்பா?"

அம்மா அடுப்பை ஊதினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பச்சப் புள்ளைய நெனச்சா எனக்கும் பேஜாராத்தான் இருக்குது."

நகராட்சியின் அனுமதி இல்லாமல் எஞ்சினை அங்கே நிரந்தரமாக வைக்க முடியாது. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் ராயப்பன் நேரில் வந்து பார்ப்பார், ஆட்சேபணை உள்ளவர்கள் அவரிடம் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

அவ்வளவுதான், தெருக்குழாயடியில் வீரம் கொப்பளித்தது. "நான் நேருக்கு நேரா கேட்டுடுவேன்" என்றார் ஒருவர். "இது மனுஷங்க இருக்கிற தெருவா, இல்ல ரயில்வே ஸ்டேஷனான்னு கேப்பேன்" என்றார் இன்னொருவர். ஹாஜிரா பீவி உடைந்த தட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல்நாயகியும் ஹாஜிரா பீவியின் மூத்த மகன் யூசுப் அலியும் மில்லின் பின்கட்டில் கண்ணாமூச்சி ஆடினார்கள். அங்கே மல்லாட்டைத் தோல் மலைபோலக் குவிந்து கிடக்கும். அதற்கு அப்பால் வெற்றுநிலம். அதையும் தாண்டினால் ஏரி.

தையல்நாயகி தோல் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். காத்திருந்தாள். யாரும் வரவில்லை. கொட்டாவி வந்தது. சலித்துப்போய் வெளியே வந்தால், குவியலுக்கு இந்தப் பக்கத்தில் யூசுப் அலி முகம் சிவந்து நின்றிருந்தான்.

"நான் தோத்துட்டேன், வெளிய வான்னு தொண்ட கிழிய கத்திக்கினு இருக்கேன். காது கேக்கலியா உனக்கு?"

"நெசமா கேக்கலடா."

"தோ, இங்கதான் நின்னுக்கினு கத்தினேன்."

தையல்நாயகி குவியலைப் பார்த்தாள். தூரத்தில் தெரிந்த எஞ்சின் கொட்டகையைப் பார்த்தாள். மறுபடியும் குவியலைப் பார்த்தாள்.

"என்னா, அப்படியே நின்னுட்ட?"

"இருடா. யோசிச்சிக்கினு இருக்கேன்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் ராயப்பன் சைக்கிளில் வந்தார். உடனே ஒரு வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. ஒரு வீட்டிலிருந்து கோலி சோடா வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. வீடு தேடி வந்தவரிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வாய் வராது. முதலாளி வேறு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள்.

"உங்களுக்கு ஏதாவது தொந்தரவா இருக்குதா?" என்று இன்ஸ்பெக்டர் உரக்கக் கேட்டார்.

"தொந்தரவெல்லாம் இல்லீங்க" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"என்ன சொல்றீங்க?" இன்ஸ்பெக்டர் காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

"தொந்தரவே இல்லீங்க."

"ஒண்ணுமே காதுல விழலியே."

வீறிட்டு அழுத குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று ஹாஜிரா பீவியும் கத்தினார். தட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

எஞ்சின் நின்றது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

தையல்நாயகி அந்தப் பேனாவையே பார்த்தாள். அவர் எழுதிவிட்டால் பாப்பாவுக்கு இனித் தூக்கம் கிடையாது. தான் ஏதாவது பேசி முதலாளிக்குக் கோபம் வந்தால் அம்மாவுக்கு வேலை கிடையாது. இரண்டையும் நினைத்தபோது பயமாக இருந்தது. ஆனாலும் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சார்."

பின்னாலிருந்து அம்மா அவள் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"எஞ்சின் வேணுங்க, சார். எங்கம்மாவுக்கு வேலை வேணும். ஆனா இங்க வேணாங்க. அந்தத் தோலு குவியலுக்குப் பின்னாடி வைக்கச் சொல்லுங்க. அங்க இருந்தா சத்தம் தெருவுக்கு வராதுங்க."

முதலாளி சிரித்தார். "பாப்பா, மெஷினெல்லாம் இங்க இருக்குது. எஞ்சினை அவ்ளோ தூரத்துல கொண்டுபோய் வச்சா இங்க கரண்டு எப்படி வரும்?"

"மேட்டூர்லேர்ந்தே கம்பியில வருதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே. நம்ம பின்கட்டுலேர்ந்து வராதுங்களா?"

இன்ஸ்பெக்டருக்குச் சோடா புரையேறியது.

"வரும். தாராளமா வரும்" என்றார் அவர், இருமி முடித்துவிட்டு. "ஆனா சத்தம் வராதுன்னு எப்படிச் சொல்ற?"

"நீங்களே வந்து பாருங்க, சார்."

முதலாளி மறுபடியும் எஞ்சினை ஓட்டச் சொன்னார். தையல்நாயகி முன்னே நடந்தாள். அவள் பின்னால் இன்ஸ்பெக்டர், அவர் பின்னால் முதலாளி, அப்புறம் குழந்தையோடு ஹாஜிரா பீவி, கடைசியில் தெரு முழுவதும் ஊர்வலமாக வந்தது. எல்லாரும் தோல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

தடதடப்பு எங்கேயோ தூரத்தில் மாட்டுவண்டி போவதுபோலக் குறைந்து கேட்டது. ஹாஜிரா பீவியின் தோளில் இருந்த குழந்தை அழுகையை நிறுத்தி விசும்பியது. பிறகு விரலை வாயில் போட்டுக்கொண்டது.

"இந்தப் பக்கம் எஞ்சின், அந்தப் பக்கம் தெரு. ரெண்டுக்கும் நடுவுல இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட இன்ஸ்பெக்டர், முதலாளியிடம் திரும்பினார். "இங்க வைக்கிறதா இருந்தா அனுமதி தர்றேன். ஆனா தோலு தீப்பிடிக்கும், எஞ்சின் நல்லா தள்ளி இருக்கணும். புகைக்குழாய் ஏரிப் பக்கம் திரும்பணும். நடுவுல ஒரு சுவரும் எழுப்பிடுங்க, நாளைக்குத் தோலை வித்துட்டாலும் சத்தம் வரக்கூடாது."

"கம்பி வாங்கணும். சுவரு வேற கட்டணும்" என்று முதலாளி முணுமுணுத்தார்.

அப்போதுதான் தெருவுக்கு வாய் வந்தது. பாத்திரம் ஆடியது, தூக்கம் கெட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யூசுப் அலி ஓடிப்போய் உடைந்த தட்டை எடுத்து வந்து காட்டினான்.

முதலாளி தட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னாம்மா?" என்று ஹாஜிரா பீவியைக் கேட்டுவிட்டு, ஆட்களைப் பார்த்து, "இங்கயே வச்சிடலாம்" என்றார்.

சுவர் எழும்பியது. கம்பி வந்தது. தெருவில் இருந்த எஞ்சின் தோல் மலைக்குப் பின்னால் குடிபோனது. தன் மில்லில் விளையாடியதால்தான் அந்தப் பெண்ணுக்கு இந்த யோசனையே வந்தது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு மழைநாள் மத்தியானம் தையல்நாயகி அம்மாவுக்குக் குடை கொடுக்க மில்லுக்குப் போனாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டென்று கரண்டு போனது. மெஷின் நின்றது. மடியை உதறிக்கொண்டு சிலர் எழுந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை.

"எஞ்சின் போட்டுட்டாங்களா? சத்தத்தையே காணோமே" என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பாஞ்சாலி.

கிருஷ்ணவேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்படி கேக்கும்? அது எம் பொண்ணு பாத்துச் சொன்ன எடம்."

தையல்நாயகிக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் குடையை நீட்டியபடி, "என்னாம்மா சொன்ன? காதுல விழலியே" என்றாள்.

அம்மா சிரித்தாள். பிறகு மில் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.