தெருவுக்கே ஒரு கூடை

தையல்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கடைத்தெருவில் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் 'கூடை'தான்.

பழைய சிரிப்புப் படம் ஒன்றில், மனைவியின் பின்னால் காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வருவான். கதாநாயகன் அந்தக் கூடையை எட்டி உதைப்பான். அந்தக் காலத்தில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்ததாம். படம் வந்த அதே வாரம், தையல்காரர் தன் மனைவியின் கூடையோடு தெருவில் நடந்துவிட்டார். பாத்திரக்கடைக்காரர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அதே படத்தைத் தெருமுனையில் போடப் போகிறார்கள். ஏற்பாடு அதே பாத்திரக்கடைக்காரர். திரை தைத்தது அதே தையல்காரர்.

திரையை வாங்க வந்தவள் பாத்திரக்கடைக்காரரின் மகள், எல்லோரும் 'பொடிசு' என்று கூப்பிடும் பத்து வயதுப் பெண்.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல மாமா?"

"இல்லம்மா. தலைவலி."

"ஞாயித்துக்கிழமை வரப்போற தலைவலி இன்னைக்கே தெரிஞ்சிடுச்சா?"

தையல்காரர் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அந்தக் காட்சி வந்ததும் தெருவே திரும்பி என்னைப் பார்க்கும். எனக்குப் பழகிப்போச்சு. உங்க அத்தைக்குத்தான் முகம் வாடிடும். அந்தப் படத்துப் பாட்டுன்னா அவளுக்கு உயிர். ஆனா இதுக்குப் பயந்தே வரமாட்டா."

"அத்தையைக் கூட்டிட்டு வாங்க மாமா. நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு மாலை படம் தொடங்கியது. தையல்காரரும் அத்தையும் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். முதல் பாட்டுக்கு அத்தையின் உதடுகள் அசைந்தன.

திரையில் கதாநாயகன் யாரையோ துரத்தி ஓடினான். வழியில் ஒரு பழவண்டி கவிழ்ந்தது.

"அப்பா, அந்த வண்டிக்காரருக்கு நஷ்டத்தை யாரு கொடுப்பா?" என்றாள் பொடிசு.

"படம்மா இது. பேசாம பாரு."

பக்கத்தில் இருந்த பழக்கடைக்காரர் விடவில்லை. "கேக்கறதுல என்ன தப்பு? எல்லாம் நல்லாக் கனிஞ்ச பழம்யா."

அடுத்து, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே கதாநாயகன் பாடிக்கொண்டு போனான்.

"அவதான் வேண்டாம்னுட்டாளே, இவனுக்குக் காது கேக்காதா?" என்றார் பொடிசின் அம்மா. முன்பு அதே பாட்டுக்குக் கைதட்டியவர்தான்.

பொடிசுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

கூடைக்காரன் திரைக்குள் வந்தான். அப்பா உற்சாகமாக எழுந்து, பின்வரிசையைப் பார்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்தார். பொடிசு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நம்ம கடைக்கு ஆள் வேணும்னு சொன்னீங்கல்ல? ஹீரோவா, கூடைக்காரரா, யாரை வைப்பீங்க?"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. வியாபார விஷயம் என்றால் அப்பாவால் யோசிக்காமல் இருக்க முடியாது. திரும்பித் திரையைப் பார்த்தார்.

"ஹீரோவையா? நேரத்துக்கு வரமாட்டான். வந்தாலும் பாத்திரத்தையெல்லாம் உதைச்சே நசுக்கிடுவான்." தாடையைச் சொறிந்தார். "கூடைக்காரனைத்தான் வைப்பேன். பாரு, ஒரு தக்காளி நசுங்காம எவ்வளவு பக்குவமாத் தூக்கிட்டு வர்றான்."

"எனக்கும் அந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார் பழக்கடைக்காரர்.

அப்போது கதாநாயகன் கூடையை உதைத்தான். தக்காளிகள் உருண்டன. எங்கோ ஒருவர் மட்டும் சிரித்தார். தன் சிரிப்பு தனியாகக் கேட்கவும், அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"பாவம்யா, வீட்டுக்கு வாங்கின காய்" என்றது ஒரு குரல்.

அப்பா கத்தாமலே உட்கார்ந்தார். கடைசி வரிசையில் அத்தை முழுப் படத்தையும் பார்த்தார், எல்லாப் பாட்டுக்கும் கூடவே பாடினார்.

மறுநாள் காலை, சந்தையிலிருந்து பொடிசின் அம்மா கைவீசி முன்னால் நடந்து வந்தார். பின்னால் அப்பா, இரண்டு கைகளாலும் ஒரு பெரிய கூடையைத் தூக்கியபடி.

தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே தையல்காரர் சொன்னார்:

"வாங்க, கூடை."

அப்பா நின்றார். ஒரு கணம் முறைத்தார். பிறகு கூடையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"நான் நேத்துச் சேர்ந்தவன்யா. பெரிய கூடை நீதான்."