சுற்றுக்குக் கொஞ்சம் கதை

மாலை ஆறு மணி ஆனதும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பை இழுத்துப் போடுவார்கள். அதற்கப்புறம் அங்கே வண்டி வரக்கூடாது, கால்கள் மட்டும் வரலாம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய மஞ்சள் வீடுகள். நடுவே மேடு பள்ளம் இல்லாத கல் பாவிய பாதை. அதில் நடக்க ஒரு சிரமமும் இல்லை.

கலைவாணியின் அம்மா சிவசங்கரி தினமும் அங்கே நடக்கப் போவார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் அது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் கலைவாணி துணைக்குப் போவாள். அப்பா முத்தியால்பேட்டையிலிருந்து இருவரையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு வந்து அழைத்துப் போவார்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்துப் பார்த்தால், சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது.

"ஒழுங்கா நடக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தினம் பீச்சுக்குப் போறேன் டாக்டர்."

"அப்புறம் ஏன் குறையல? இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். இல்லன்னா தினமும் ஊசிதான்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. ஊசி என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பயம். கலைவாணிக்குத் தடுப்பூசி போட்ட அன்று மயங்கி விழுந்தது அம்மாதான்.

கலைவாணி டாக்டர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவளுக்கு விஷயம் தெரியும். எங்கள் ஊரில் கடற்கரைக்குப் போய்வந்தாலே நடந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மறுநாள் அவள் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் அம்மா நடந்தது ஆறு நிமிடம். மீதி நேரமெல்லாம் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, பஜ்ஜி தின்றபடி மதாமோடு பேச்சு.

மதாமின் பெயர் ஆதிலட்சுமி. அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் மதாம். கணவர் இப்போது இல்லை. ஒரே மகன் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறான். மூட்டுவலிக்காரரான மதாம் பக்கத்துத் தெருவிலிருந்து அந்தச் சுவர்வரை வந்து சேர்வதே பெரிய காரியம். வந்து உட்கார்ந்துவிட்டால், மகன் வீட்டுக் கதையைத் தினமும் சுவையாகச் சொல்வார்.

"நாம நடக்கவே இல்லியேம்மா" என்றாள் கலைவாணி.

"பாவம்டி. காலையிலேர்ந்து பேச ஆளில்லாம கெடக்கறாங்க. எப்படி விட்டுட்டுப் போறது?"

"நான் அவங்ககூட உக்காந்துக்கறேன். நீ போய் நட."

அம்மா தயங்கினார். "மருமவ எதுக்கு ரெண்டு நாளா பேசலன்னு இன்னிக்கு சொல்றேன்னாங்களே."

பாவம் பாதி, கதை பாதி என்று கலைவாணிக்குப் புரிந்தது.

"நான் கேட்டு வந்து சொல்றேன்" என்று அம்மாவை அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தாள். "மருமவ கோச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் சரியாயிட்டாங்களாம்."

"இவ்ளோதானா? ஒரு மணி நேரம் இன்னாடி கேட்ட?"

மறுநாள் அம்மா மறுபடியும் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சுண்டல் வாங்கப் போன நேரம் பார்த்துக் கலைவாணி மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மதாம் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னாலயா பாப்பா?"

"உங்களால இல்ல மதாம். உங்க கதையால. ஒரேயடியா சொல்லாதீங்க. ஒரு சுத்துக்குக் கொஞ்சமா சொல்லுங்க."

அன்றைக்கே, அம்மா சுண்டலோடு வந்ததும், மதாம் ஆரம்பித்துவிட்டார். "மருமவ போய்க் கதவத் தொறந்தா. வெளியில யாரு நின்னது தெரியுமா?"

"யாரு?"

"ரோட்டுக் கோடியில இருக்கற டூப்ளே சிலைவரைக்கும் போய்ட்டு வா சங்கரி, சொல்றேன்."

அம்மா சுண்டலை மகள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். திரும்பி வந்தால் இரண்டு நிமிடக் கதை. பிறகு இன்னொரு சுற்று. ஏழு மணிக்குள் நான்கு சுற்று ஆகிவிட்டது.

எட்டாம் நாள், அம்மா சிலைப் பக்கம் போயிருந்தபோது மதாம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கதை தீந்துபோச்சு பாப்பா."

"உங்க பையன் போன் பண்ணுவாரில்ல? அப்ப புதுசா தெரியுமே."

"அவன் பண்ணியே ரெண்டு மாசமாவுது. இத்தினி நாளா பழசத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் அம்மாவின் பச்சைப் புடவை திரும்பி வந்துகொண்டிருந்தது.

"உங்க பையனோட மேல் வீட்டுக்காரரு பால்கனியில கோழி வளக்கறாருன்னு வைங்க" என்றாள் அவசரமாக.

"அங்க அதெல்லாம் விட மாட்டாங்க பாப்பா."

"அதனாலதான் போலீஸ் வருது."

மதாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கலைவாணி பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு சுற்றுப் போய்வருவதற்குள் இவர்கள் இருவரும் ஒரு துண்டு கதை கட்டினார்கள். போலீஸ் வந்தது. கோழி தப்பித்தது. மருமகளின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் முட்டையிட்டது. அம்மா ஐந்து சுற்றுப் போனார், ஆறு சுற்றுப் போனார். பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

மாதம் முடிந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. ஊசி வேணாம். இப்படியே நடங்க."

அன்று மாலை அம்மா ஓடிப்போய் மதாமிடம் சொன்னார். மதாமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் கலைவாணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் சங்கரி. அந்தக் கோழி, போலீசு ஒண்ணும் நெசமில்ல. பையன் போனே பண்ணல. நானும் பாப்பாவும் சேந்து கட்டினது."

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மதாம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எழுந்து புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் சிலைவரைக்கும் போய்ட்டு வர்றேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் மீதியை யோசிச்சு வைங்க."