பரசுராமன் திருப்பிய பக்கம்

தாண்டவராயன் அந்தப் படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது காலை பத்து மணி இருக்கும். தொண்ணூற்றொன்றாம் வருடம், ஆனி மாதம். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் பம்ப்செட் யாக்கோபு என்று கேட்டால் அப்போது யாரும் வழி காட்டுவார்கள். அந்த யாக்கோபு நான்தான். பேயாவது பிசாசாவது என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

"ஸ்டீரிங் இறுகிப்போச்சு யாக்கோபு. மோட்டாரும் துருப்புடிச்சிக் கீது. ரெண்டையும் சரி பண்ணிக் குடுத்துடுபா. ஏரி மீன் குத்தகை இந்த வருசமும் நமக்குத்தான்" என்றார் தாண்டவராயன்.

"அதுக்கின்னா மொதலாளி, நாலு நாள்ல முடிச்சிடலாம்" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் படகை ஓட்டிப்போய் மதகுத் தூணில் மோதிச் செத்தவர் அவருடைய தம்பி பரசுராமன். அதற்கப்புறம் படகை யாரும் தொடவில்லை. கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நேராக மதகைப் பார்த்துத்தான் விட்டான் என்றார்கள். அன்று காலையில் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை. "எங்கியாச்சும் போய்த் தொலை" என்று அவர் மனைவி கங்கா கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கிறது. அப்புறம் ஊருக்குச் சொல்லியா தரவேண்டும்? வாயாலேயே புருஷனைக் கொன்றவள் என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தாண்டவராயன் அவளை வாசற்படி ஏற விடவில்லை. நல்லது கெட்டதுக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை.

அன்று விடிகாலையில் அந்த ஸ்டீரிங்கை ரிப்பேர் செய்து கொடுத்தவன் நான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

படகை இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து வேலையைத் தொடங்கினேன். இந்த மாதிரிச் சின்னப் படகில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கும். அதில் சுற்றிய கயிறு இரண்டு ஓரமாகவும் ஓடி, பின்னால் தொங்குகிற மோட்டாரைத் திருப்பும். மோட்டாரின் விசிறி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் படகு போகும். அவ்வளவுதான் விஷயம்.

துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினேன்.

விசிறி இடப்பக்கம் ஒதுங்கியது.

மறுபடி திருப்பினேன். மறுபடியும் இடப்பக்கம்.

பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கயிறு உருளையில் கைமாறி, இடம் வலமாகச் சுற்றியிருந்தது. சுற்றியது என் கை. நான் எப்போதும் மோட்டாரைப் பார்த்து நின்று வேலை செய்கிறவன். பம்ப்செட்காரன் புத்தி! மோட்டாரைப் பார்த்து நிற்கிறவனுக்கு எது சோற்றாங்கைப் பக்கமோ, அது முன்னால் பார்த்து உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குப் பீச்சாங்கைப் பக்கம். தூக்கக் கலக்கத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

அப்படியென்றால் பரசுராமன் மதகை விட்டு விலகத்தான் திருப்பியிருக்கிறார். திருப்பத் திருப்பப் படகு மதகுக்கே போயிருக்கிறது. ஐயோ, பாவி நான்!

கங்காவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தலை நிமிர்ந்துவிடும். ஆனால் என் ஷெட் நிற்பது தாண்டவராயன் இடத்தில். தம்பியைக் கொன்றவன் நான் என்று தெரிந்தால் ஷெட்டை மட்டுமா பிடுங்குவார்? கம்மென்று கிட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்து, சரியாகச் சுற்றி, மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் மோட்டாரைப் பிரித்தேன். கார்புரேட்டரில் பாசியும் சேறும். கழுவிப் பூட்டி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் விசிறியை இறக்கி ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன். இருமி இருமி ஓடியது. நல்ல உச்சி உருமம், பன்னிரண்டு மணி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று நின்றது. காய்ந்து கிடந்த படகிலிருந்து ஏரிச் சேற்று வாடை குப்பென்று வந்தது.

ஸ்டீரிங் பக்கம் 'கிறிச்' என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தேன். கயிறு கைமாறிச் சுற்றியிருந்தது.

நான்தான் மறந்து தப்பாகச் சுற்றியிருப்பேன் என்று திட்டிக்கொண்டே திரும்பச் சுற்றினேன். மூன்றாம் நாள் உருமத்திலும் அதே கதை. என் மனைவி லீலா சோறு கொண்டுவந்தவள், "இன்னாயா இது, சுத்தினதையே சுத்திக்கினு கீற?" என்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பினேன். படகுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், ஓட்டுகிறவன் உட்காரும் பலகை நடுவில் ஈரம் பூத்தது. ஈரம் பரவிச் சொட்டியது.

சொட்டு. சொட்டு.

என் காதோரத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். நீந்திக் களைத்தவன் வாங்குகிற மூச்சு.

"யாக்கோபு..."

எழுந்து ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று கூடத் தெரியவில்லை.

நான்காம் நாள் படகைக் கொடுத்தாக வேண்டும். மோட்டாரைப் படகில் மாட்டி, ஜெபம் சொல்லிக்கொண்டே கயிற்றைச் சரியாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்தால் வாசலில் கங்கா. ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரியே டிபன் பையோடு வந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"லீவு போட்டுட்டு வந்தேண்ணா. படகைப் பிரிச்சிட்டீங்கன்னு சொன்னாங்கோ. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அதுல ஏதாச்சும் பழுது இருந்துச்சா? இல்ல, நான் சொன்ன சொல்லுக்குத்தான் போய்ட்டாரா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்பானரைத் துடைத்தேன். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. பயம் அதை உள்ளே தள்ளியது.

"கயிறு அறுந்து கெடந்துச்சும்மா. பழைய கயிறு. அவரு மேலயும் தப்பில்ல, உம்மேலயும் தப்பில்ல. நான் புதுசு மாட்டிட்டேன்."

கங்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "ரெண்டு வருசமா சோறு எறங்கலண்ணா. நீங்க நல்லா இருக்கணும், உங்க கை நல்லா இருக்கணும்" என்று என்னைக் கும்பிட்டாள். செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு தபா அவரு உக்காந்த எடத்துல உக்காந்துக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏறிவிட்டாள். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, மெல்ல வலப்பக்கம் திருப்பினாள்.

விசிறி இடப்பக்கம் ஒதுங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு முறை திருப்பினாள். விசிறியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னிக்கும் இப்டித்தான் இருந்துச்சா?"

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா. கயிறு அறுவல. நான்தான் மாத்திச் சுத்திட்டேன். அவரு தப்பிக்கத்தான் திருப்பினாரு."

அவள் என்னைத் திட்டவில்லை. கை இரண்டையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஸ்டீரிங் நிற்கவில்லை.

யாரும் தொடாமல் அது வலப்பக்கம் திரும்பியது. இதற்கு மேல் திரும்ப இடமில்லை என்கிற வரைக்கும் திரும்பிய பிறகும், வலப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு முறுகிக் கிறீச்சிட்டது. பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் உயிரைக் கொடுத்துத் திருப்புகிற மாதிரி, விடாமல், வலப்பக்கம்.

கங்கா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். "போதும்யா, எனக்குத் தெரிஞ்சிபோச்சு. விட்டுட்டுக் கரைக்கு வந்துடு" என்றாள்.

அது விடவில்லை.