பதினாறு சொட்டு

"என் பவளம் சாகல மேடம். ஆனா வளரவும் மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள தொட்டியைக் காலி பண்ணச் சொல்றான் அண்ணன். நான் மாட்டேன்னுட்டேன்."

பேருந்து ஓட்டும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஆய்வகத்துக்கு வந்து நின்றாள் அவள். நீச்சல்குளங்களின் நீரைச் சோதிப்பதுதான் அங்கே வேலை. வேதியியல்காரி நிதானமாகத் தலையாட்டினாள். ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாக இருந்த அவளுடைய கணவர்தான் துள்ளினார்.

"அண்ணன்தான் எதையோ கலக்கறார். கையும் களவுமா பிடிச்சிடலாம்!"

"முதல்ல தொட்டியைப் பார்ப்போம்."

ஓட்டுநரின் வீட்டுப் பின்னறையில், நீல வெளிச்சத்தில், கடல்நீர்த் தொட்டி மினுங்கியது. மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. இறால்கள் உற்சாகமாக மேய்ந்தன. பவளக் கிளைகள் மட்டும் ஐந்து மாதமாக ஒரு நூல்கூட நீளவில்லை.

"கண்ணாடியில இளஞ்சிவப்பா ஒரு படலம் ஒட்டுமே, சுரண்டிட்டீங்களா?" என்றாள் வேதியியல்காரி.

"முன்னெல்லாம் சுரண்டிச் சுரண்டியே கை வலிக்கும். இப்போ வர்றதே இல்ல."

"அப்போ விஷம் இல்ல. விஷம்னா இறால்தான் முதல்ல சாகும். இங்கே பவளமும் அந்த இளஞ்சிவப்புப் பாசியும், சுண்ணாம்பால உடம்பு கட்டுற உயிருங்க மட்டும்தான் நின்னு போயிருக்கு."

கணவரின் முகம் தொங்கிப்போனது. வேதியியல்காரி குறிப்பேட்டைப் புரட்டினாள். நீரின் காரத்தன்மையை ஓட்டுநர் வாராவாரம் எழுதி வைத்திருந்தாள். குப்பியில் எடுத்த நீர் நீலத்திலிருந்து மஞ்சளாக மாற எத்தனை சொட்டு மருந்து வேண்டுமோ, அதுதான் அளவு. எட்டு, எட்டு, எட்டு. ஐந்து மாதத்துக்கு முன் திடீரென்று பதினாறு.

"பதறிட்டேன். பவளத்துக்குன்னு தினம் ஊத்துற காரக் கரைசலைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். மறுபடி எட்டுக்கு வந்துச்சு."

"சோதனை மருந்து எப்போ வாங்கினது?"

"ஒரு வருஷம் ஆச்சு."

உள்ளே இருப்பது தெரியாத அந்த மருந்தின் வெள்ளைப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்தாள் வேதியியல்காரி. கனத்தது. ஒன்றும் சொல்லாமல் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அண்ணன் உட்கார்ந்திருந்த கூடத்துக்குப் போனாள்; மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

"தங்கச்சி இல்லாதப்போ அந்த அறைக்குள்ள யாராவது போவாங்களா சார்?"

"நான் போவேன், மேசை போட அளவெடுக்க," என்றான் அண்ணன். "ஆனா அந்த சொட்டு மருந்தை நான் தொடவே இல்லையே."

"மருந்தைப் பத்தி நான் கேட்கவே இல்லையே சார்."

பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள் வேதியியல்காரி.

"ஒரு வருஷமா எட்டெட்டாச் சொட்டின பாட்டில் இந்நேரம் காலியாகியிருக்கணும். பாதிக்கு மேல இருக்கு. தண்ணி கலந்தா மருந்து நீர்த்துப்போகும். நீர்த்துப்போனா ரெட்டிப்புச் சொட்டு வேணும். அன்னைக்குப் பதினாறு காட்டினப்போ நிஜத்துல எட்டுதான் இருந்துச்சு. பாவம், இவங்க அதைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. காரம் போதாம பவளத்தால சுண்ணாம்பு கட்ட முடியல."

தன் பையிலிருந்த புதிய மருந்தை எடுத்து, குப்பியில் கொண்டுவந்திருந்த தொட்டி நீரில் விட்டாள். நான்காவது சொட்டிலேயே மஞ்சளானது.

"அளவு டேப் பட்டுக் கவுந்துடுச்சு," என்று முணுமுணுத்தான் அண்ணன். "நீ கத்துவேன்னு பயந்து கழுத்து வரைக்கும் தண்ணி பிடிச்சு வெச்சேன். வேணும்னு செய்யல."

"கவுந்தது தப்பில்ல," என்றாள் ஓட்டுநர். குரல் தணியவில்லை. "அஞ்சு மாசமா என் கையில ராசியில்லன்னு ஊர் பூரா சொன்னியே, அது? கல்லு வளர்க்கிறவன்னு சிரிச்சியே, அது? வாடகையில பாதி என் சம்பளம். இந்த அறை என்னோடது. உன் மேசையை உன் கட்டில் பக்கத்துல போட்டுக்கோ."

அண்ணன் எழுந்து வெளியே போனான்.

"காரக் கரைசலை ஒரேயடியா ஊத்திடாதீங்க," என்று எச்சரித்தாள் வேதியியல்காரி. "தினம் கொஞ்சமா ஏத்துங்க."

மூன்றாம் மாதம், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் அரிசி முனை அளவுக்கு வெள்ளை துளிர்த்தது. அன்று மாலை அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பியும் பாராமல், கண்ணாடியில் புதிதாய்ப் படர்ந்த இளஞ்சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.