குடும்பத்துக்கு எத்தனை பேர்

எண்ணி முடிக்க எப்போதும் சாயங்காலம் வரை இழுத்தடிக்கும் அந்தக் கிழட்டு இயந்திரம், இன்று அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் முடித்துவிட்டது. ஒரு குடும்ப எண்ணுக்குச் சராசரி ஆட்கள்: 1. திரையில் பச்சை எழுத்து அசையாமல் நின்றது.

அவள் அசதியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அந்த ஒன்று, காலையில் அவள் கையால் அடித்துவைத்த பொய். இன்சூரன்ஸ் அலுவலகத்தின் அத்தனை குடும்பங்களும் இருக்கும் இந்த மெயின்பிரேமில், ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும், அதாவது ஆட்களைத் தேட உதவும் அட்டவணைக்கும், ஒரு வரிப் புள்ளிவிவரம் உண்டு. ஆளைத் தேடச் சொன்னால் இயந்திரம் ஆட்களைப் பார்க்காது, அந்த வரியைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கும். ஒரு குடும்ப எண்ணின் கீழ் ஆட்கள் குறைவு என்றிருந்தால் குறுக்கு வழியில் போகும். அதிகம் என்றிருந்தால் மொத்தத்தையும் துழாவும். அதனால் சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைப்பவர்கள், எண்ணாமலேயே கையால் ஒரு சின்ன எண்ணை அடித்துவிட்டு வேலையை முடிப்பார்கள். பிறகு எண்ணும் புரோகிராமை ஓடவிட்டால் உண்மையான கணக்கு தானாக ஏறிவிடும். இதுவரை யார் குடியும் முழுகியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லாத அம்மா என்று மகள் காலையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். அதற்காகத்தான் அந்த ஒன்று.

ஆனால் எண்ணும் புரோகிராம் ஓடி முடிந்த பிறகும் அதே ஒன்று. உண்மையாக எண்ணினால் நாலு வரவேண்டும். போன மாதம் நாலு. அவள் மறுபடி ஓடவிட்டாள். ஜன்னலே இல்லாத அந்த அறையில், குளிரூட்டியின் இரைச்சலுக்கு அடியில், சூடான தூசியின் வாசனைக்கு நடுவே எப்போதும் கடகடவென்று புலம்பிக்கொண்டிருக்கும் டிஸ்க் அலமாரிகள் இன்று ஒரேயொரு முறை லேசாக முனகிவிட்டு அடங்கின, தேடுவதற்கு உள்ளே பெரிதாக எதுவுமே இல்லை என்பதுபோல. மீண்டும் 1.

தன் சொந்தக் குடும்ப எண்ணை அடித்தாள். கணவன், மகள், அவள் என்று மூன்று பேர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"டேட்டா கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். காலையில் மனைவியோடு போனில் காரசாரமாகச் சண்டை போட்ட வாட்ச்மேன், கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வீட்ல சமாதானம் ஆயிட்டாங்களா?"

"வீட்ல யாரு மேடம்? நான் ஒண்டிக்கட்டை." கொஞ்சம் யோசித்தார். "ஆனா காலையிலேருந்து யார்மேலயோ கோவமா இருக்கேன். யாருன்னுதான் தெரியல."

திரும்பி ஓடினாள். புள்ளிவிவர வரியைத் திறந்தாள். அந்தக் காலத்தில் இடத்தை மிச்சம்பிடிக்க, சராசரிக்கு ஒரே ஒரு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். தசமப் புள்ளி வைக்க வழியில்லை. யோசிக்கவில்லை. போன மாதத்து எண்ணையே அடித்தாள். 4.

அலமாரிகள் கடகடக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக. வெகுநேரம்.

போன் அடித்தது.

"எங்க இருக்க நீ?" கணவன். "பாப்பா வாசல்லயே நிக்கிறா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவ நல்லா இருக்காளாங்க?"

"அவளுக்கென்ன? நீ வந்தாத்தான் சாப்பிடுவோம்னு எல்லாரும் உக்காந்திருக்கோம்."

வெளியே வாட்ச்மேன் போனில் மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தக் கெஞ்சலைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தலையை முகர்ந்துகொண்டே அவள் வெகுநேரம் நின்றாள். உடம்பெல்லாம் வலித்தது. படுத்தால் போதும் என்றிருந்தது.

மேஜையில் நாலு தட்டு.

"யாராவது வர்றாங்களாங்க?"

கணவன் சிரித்தான். "வேலை பாத்துப் பாத்து உனக்கு மறை கழண்டுபோச்சு. நாம நாலு பேர்தானே?"

நாலாவது நாற்காலியில் ஆள் இருந்தது.

முதுகு மட்டும் தெரிந்தது. பெரியவரும் இல்லை. பிள்ளையும் இல்லை. ஆணா, பெண்ணா, சொல்ல முடியவில்லை. சூடான தூசியின் வாசனை.

மூன்று என்று அடிக்கலாம். இப்போதே திரும்பிப்போய். ஆனால் மூன்று என்றால் யாரை எடுப்பது என்று இயந்திரம் கேட்காது. அது ஆட்களைப் பார்க்காது.

மகள் அவள் விரலைப் பிடித்து இழுத்தாள். "வா, உக்காரு. நீ இல்லாம அது ரொம்ப அழுதுச்சும்மா. ராத்திரி உன் பக்கத்துலதானே தூங்கும்."

அது மெல்லத் திரும்பியது. அவளை நோக்கி ஒரு கை நீண்டது. குளிர்ந்த கை. அவள் விரல்களுக்கு நடுவே, பழகிய இடத்துக்கு வருவதுபோல, தன் விரல்களைக் கோத்துக்கொண்டது.