ஊதக் கூடாத நீல ஆந்தை

காலை மணி 11.20. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அந்த நீல ஆந்தை மண் விசிலைக் காணவில்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம்.

பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டு. ஒன்று கடைக்காரரின் மேசை டிராயரில். மற்றது விற்பனைப் பெண்ணின் கழுத்துக் கயிற்றில். டிராயர் சாவி முதலாளியுடையது என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கழுத்துச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்லியாயிற்று.

"நாலு மணிக்கு அதை வாங்க ஆள் வர்றார். அதுக்குள்ள ஆந்தை வரணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் கடைக்காரர், அலமாரியைப் பார்த்தபடி.

ஆறு வருட வேலை. திருடி என்ற பெயரோடு வெளியே போனால் அந்தத் தெருவில் அவளுக்கு இன்னொரு கடைக் கதவு திறக்காது.

இந்த நேரம் பார்த்து நன்றி சொல்ல உள்ளே நுழைந்தார் விசில் டீச்சர். முப்பத்திரண்டு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஊர்க்காரர்கள் கையால் செய்த விசில் விற்கும் கடையைத்தான் முதலில் தேடுவார். பின்னால் பையைத் தூக்கி வரும் கணவர் தமக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொள்வார். அது மந்தமா, தந்திரமா என்பது அவருக்கே வெளிச்சம்.

இந்த நகரத்தில் ஒன்றரை நாள், பதினொரு கடை அலைந்தும் பிளாஸ்டிக்கைத்தான் நீட்டினார்கள். இன்று காலை பத்து மணிக்கு இந்தப் பெண்தான் மண் விசில்களை எடுத்துக் காட்டினாள். டீச்சர் ஒவ்வொன்றாக ஊத ஊத, அவள் வாங்கி, வெந்நீரில் உப்புக் கரைத்த கிண்ணத்தில் முக்கி வெள்ளைத் துண்டின்மேல் கவிழ்த்தாள். வாய் பட்ட எதையும் அப்படிச் செய்யாமல் வைப்பதில்லை, அந்தக் கடையின் வழக்கம். டீச்சரின் கை ஆந்தைப் பக்கம் நீண்டபோது மட்டும் தடுத்தாள். பழைய பொருள், சுட்ட பிறகு பூசிய பசை வர்ணம், தண்ணீர் பட்டால் போய்விடும். கழுவ முடியாததை ஊதக் கூடாது என்றாள். தூரிகையால் துடைப்பதோடு சரி, ஆறு வருடத்தில் அதன் குரலைத் தானே கேட்டதில்லையாம்.

டீச்சர் கேட்ட தண்ணீர்க் குருவி, அதாவது தண்ணீர் ஊற்றி ஊதும் குருவி விசில், அங்கே இல்லை. அவள் முதலாளியின் பேனாவை வாங்கி, ஒரு வெற்றுப் பில்லின் பின்பக்கம் கறுப்பு மையில் மூன்று கடைகளின் விலாசம் எழுதிக் கொடுத்தாள். அதில் ஒன்று எதிர்வரிசைப் போட்டிக் கடை. குருவி அங்கேதான் கிடைத்தது. வியாபாரத்தை விட்டுக்கொடுத்து வழி சொன்னவள் இப்போது கண் கலங்கி நிற்க, டீச்சருக்குக் கால் நகரவில்லை. அடுத்த வீட்டுச் சங்கதியையே விடாதவர், இதை விடுவாரா?

"கடைசியா எப்பம்மா பார்த்தே?"

"பத்து இருபதுக்கு நீங்க கிளம்பறப்ப இருந்துச்சு டீச்சர். நான் பார்சல் போடத் தபாலாபீஸ் போனேன். இப்பத்தான் வர்றேன்."

அவள் போனபின் ஓர் ஈ கூட உள்ளே வரவில்லை என்றார் கடைக்காரர். அவருடைய வெள்ளை மீசையின் ஓரத்தில் ஒரு நீலத் தீற்றல். பேனா கடிக்கும் பழக்கம் போலும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். மை வாய்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அவர்.

பின்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் கடைக்காரரின் மச்சான். விசில் என்றாலே தமக்குத் தலைவலி, வாயில் வைத்ததே கிடையாது என்றார். டீச்சரின் கணவர் அவரை உடன்பிறப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மணி 11.40. டீச்சர் வெள்ளைத் துண்டின் முன்னால் நின்றார்.

"ஏங்க, காலையில நான் எத்தனை ஊதினேன்?"

"அஞ்சு," என்றார் கணவர் உடனே, மந்தக் காதோடு. "மறக்கக்கூடிய சத்தமா அது?"

துண்டின்மேல் ஆறு இருந்தன. ஆறாவது, கண்ணோ மூக்கோ இல்லாத வெறும் செம்மண் பறவை. டீச்சர் அதைத் தூக்கினார். அடியில், துண்டில் ஈரமாய் ஒரு நீலக் கறை.

"இதோ இருக்கு உங்க ஆந்தை. திருடறவன் திருடின சாமானைக் குளிப்பாட்டிக் காயப் போடுவானா? தண்ணி படக் கூடாதுன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியும். உங்க மச்சான் ஊதவே மாட்டார். ஊதின கையோட, யோசிக்காம உப்புத்தண்ணியில முக்கற ஆள் கடையில இன்னும் ஒருத்தர்தான்." பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க பேனா கறுப்பு சார். மீசை எப்படி நீலமாச்சு?"

கடைக்காரரின் கை மீசைக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தஞ்சு வருஷம் பூட்டியே வச்சிருந்தேன். இன்னைக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேட்கலாம்னு... கை தானாக் கிண்ணத்துக்குப் போயிடுச்சு. பார்த்தா மொட்டை மண்ணு. வாங்க வர்றவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. வாய்க்கு வந்தது இவ பேரு."

சாவிக் கயிற்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"முதல்ல அவருக்கு போன் பண்ணுங்க சார். உங்க மச்சானையும் கூப்பிடுங்க. அவர் காதுலயும் விழட்டும்."

கடைக்காரர் போன் செய்தார். ஆந்தை கெட்டது தன் கையால், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று இரண்டு முறை சொன்னார். அதற்குப் பிறகுதான் சாவி அவள் கழுத்துக்குத் திரும்பியது.

"எப்படி நன்றி சொல்றது டீச்சர்," என்று தொடங்கினாள்.

"நான் அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ முந்திக்காதே," என்றார் டீச்சர், ஆந்தையை அவளிடம் நீட்டியபடி. "இனி இதைக் கழுவலாம். ஊது."

அவள் ஊதினாள். அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு கனத்த ஒற்றைக் குரல் வந்தது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சரின் கணவர்கூடக் காதைப் பொத்தவில்லை.

அந்த ஓசை அடங்கும் முன்பே அவள் கை உப்புக் கிண்ணத்துக்குப் போயிருந்தது.